நத்தக்கரட்டு நகங்கள்

நத்தக்கரட்டில் எல்லோருடைய நகங்களும் நாவல்பழ நிறத்துக்கு மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரும் நாள் அது என்பதால் முதலில் அதைக் கண்டவர்கள் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள்; அவர்களில் ஒருத்தி தன் விரல்களைப் பார்த்து, பக்கத்தில் நின்றவளின் விரல்களைப் பார்த்து, வரிசையில் இருந்த அத்தனை விரல்களையும் பார்த்து முடித்தபின், தண்ணீர் நிற்பதற்குள் பிடித்துவிட வேண்டுமே என்று குடத்தைக் குழாயடிக்கு நகர்த்தினாள்.

பிறந்து ஒன்பது நாளான குழந்தைக்கும் மாறியிருந்தது, நான்கு வருடமாகப் படுக்கையை விட்டு எழாதவருக்கும் மாறியிருந்தது, கால் நகங்களுக்கும் அதே நிறம்தான். தினமும் பஸ்ஸில் வந்து போகிற வங்கி மேனேஜருக்கு மட்டும் மாறவில்லை. ஆனால் மழைக்குப் பயந்து ஒருநாள் ஊரிலேயே தங்கிவிட்ட தபால்காரருக்கு மறுநாள் விடியும்போது பத்து விரலும் நாவல்பழமாக இருந்தன, அதிலிருந்து நத்தக்கரட்டுத் தண்ணீரைக் குடித்து ஓர் இரவு தூங்கி எழுந்தால் போதும் என்பது ஊருக்குத் தெரிந்த விதியாயிற்று. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார், நூறு பேரின் நகங்களை அழுத்திப் பார்த்தார், வலிக்கிறதா என்று கேட்டார், யாருக்கும் வலிக்கவில்லை. நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை மட்டும் குடித்து மூன்று மணி பஸ்ஸில் திரும்பிப் போனார்.

அதன்பிறகு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது. நகப்பூச்சு விற்ற வளையல்கடைக்காரர் பெட்டியோடு சரக்கைத் திருப்பி அனுப்பினார். வார்டு இடைத்தேர்தலில் ஓட்டு மை நகத்தில் தெரியவில்லை என்று தேர்தல் அதிகாரி மணிக்கட்டில் கோடு இழுத்தார். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு பெண்ணின் சேலையை அந்த நிறத்துக்குப் பொருத்தமாக எடுத்தார்கள். எதனால் இப்படி ஆயிற்று என்பதற்கு ஊரில் ஏழெட்டுக் காரணங்கள் உலவின, ஒரு மாதத்தில் அவை எல்லாமே சலித்துப்போயின.

அந்த நிறத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டவள் ஒருத்திதான். அவள் பெயர் அம்சவேணி. பக்கத்து டவுனில் இருந்த கல்லூரியில் வேதியியல் ஆசிரியை, ஊரில் டீச்சரம்மா. உணவில் கலக்கும் பொருட்களைக் கண்டுபிடிக்கிற கண்ணாடி வில்லைகளைப் பற்றி அவள் ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மணலின் வகையைச் சேர்ந்த ஒரு திரவத்தில் தண்ணீரும் சாராயமும் ஒரு சொட்டு அமிலமும் விட்டு, அதில் சாயத்தைக் கரைத்து, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி மூடிவைப்பாள். பால் தயிராக உறைவதுபோல் அது உறைந்து கூழாகும், பதினைந்து நாளில் மெல்ல மெல்லச் சுருங்கி, நெருப்பைப் பார்க்காமலே கண்ணாடியாகும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த கண்ணாடி அது. சாயம் அந்தத் துளைகளுக்குள் சிறைப்பட்டிருக்கும், வெளியே வராது. ஆனால் வெளியே இருக்கும் வாயு உள்ளே போய் அதைத் தொட்டுவிட முடியும். வெல்லத்தை வெளுக்கப் போடும் ஹைட்ரோஸ் என்கிற வெள்ளைப் பொடியின் மிச்சம் அருகில் இருந்தால், அதிலிருந்து வரும் வாயு பட்டு நாவல்பழ நிறத்தில் இருக்கும் வில்லை கொஞ்ச நேரத்தில் வெளிறி மஞ்சளாகிவிடும். அவ்வளவுதான் அவளுடைய ஐந்து வருட வேலை.

நத்தக்கரட்டில் ஏழு வெல்ல ஆலைகள் இருந்தன. ஏழிலும் ஹைட்ரோஸ் போட்டார்கள், அதை மருந்து என்றுதான் சொல்வார்கள். அந்த ஏழில் ஒன்று அம்சவேணியின் கணவர் நல்லதம்பியுடையது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் சமையலறை டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து, புதிதாகச் செய்த வில்லையின்மேல் வைத்துப் பார்த்தாள். காப்பி கொதிப்பதற்குள் வில்லை மஞ்சளாகிவிட்டது. அதைத் தீப்பெட்டியில் போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்தாள், ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்த வெல்லத்துக்கு மூன்றாம் மாதிரி என்று பெயர் கொடுத்தாள், ஊரின் பெயரை எழுதவில்லை, வீட்டில் யாரிடமும் பேசவுமில்லை.

அதனால்தான் நகம் மாறிய அன்று ஊர் முழுவதும் விரல்களை நீட்டிப் பார்த்துச் சிரித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியும். கல்லூரிக்கு இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள், ஆலையிலிருந்து கணவர் சாப்பிட வரும்போதெல்லாம் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். இரண்டாம் நாள் மதியம் நல்லதம்பி ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவருடைய கட்டைவிரல் நகம் வைக்கோல் நிறத்துக்கு வெளிறிப்போயிருந்தது. அவரும் அதைப் பார்த்தார். புகை பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே மோர் கேட்டார்.

ஆலைக்காரர்களுடைய நகங்கள் மட்டும் மஞ்சளாகியிருந்தால் ஊர் அதைத் தொழில் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த ஆவணியில் ஒரு கல்யாணம் நடந்தது, அதில் நானூறு பேர் உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள், இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனபோது நானூறு பேருடைய நகங்களும் மஞ்சளாக இருந்தன. வெல்லமா, உலர்ந்த திராட்சையா என்று வாக்குவாதம் நடந்தது, யாரோ ஒருவர் இரண்டையும் தனித்தனியாகத் தின்றுபார்த்து இரண்டும்தான் என்றார், திராட்சையையும் கெடாமலிருக்கக் கந்தகப் புகையில் காட்டுவார்களாம். மாலைக்குள் எல்லோருக்கும் நிறம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து நத்தக்கரட்டில் சாப்பிட்டு முடித்தவர்கள் முதலில் நகத்தைப் பார்த்தார்கள்.

டீக்கடைக்காரர் தன் பத்து விரல்களையும் கல்லாவுக்குமேல் விரித்துவைத்து வியாபாரம் செய்தார். பேக்கரியில் ஒருவகை பிஸ்கட்டை யாரும் தொடவில்லை, அது அலமாரியிலேயே கிடந்து நமுத்துப்போயிற்று. பள்ளியில் மதிய உணவுக்குப்பின் பிள்ளைகள் வரிசையாகக் கையை நீட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் உத்தரவு போட்டார். சண்டைகளில் நகத்தைக் காட்டு என்பது சத்தியம் செய் என்பதற்குச் சமமான பேச்சாயிற்று. புருஷன் வெளியே எங்கே சாப்பிட்டான் என்பதை மனைவிகள் விரலிலிருந்தே படித்தார்கள். மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டவர்கள் இருந்தார்கள், அவர்களைப் பற்றித்தான் ஊர் அதிகமாகப் பேசியது.

வெல்லத்தால்தான் இது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமானதும், ஊர் மளிகைக்கடைகளில் வெல்லம் விற்காமல் போனது. ஏழு ஆலைக்காரர்களும் ஒரு சாயங்காலம் நல்லதம்பி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள். மருந்து போடாவிட்டால் வெல்லம் கறுத்துப்போகும், மண்டியில் உருண்டையை உடைத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள், கறுப்பைக் கண்டால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. காப்பி டம்ளர்கள் காலியாவதற்குள் முடிவு எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஆலையிலும் வாரத்தில் ஒரு கொப்பரை மட்டும் மருந்தில்லாமல் காய்ச்சுவது, அது ஊருக்கு. மற்றதெல்லாம் எப்போதும்போல, அது வெளியூருக்கு. வெளியூரில் நகம் எப்போதும்போல இருக்கிறது, அங்கே யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது.

ஊர் இதை ஏற்றுக்கொண்டது. கறுத்த வெல்லத்தில் பணியாரம் சுட்டுத் தின்றார்கள், பிள்ளைகளின் நகங்கள் நாவல்பழமாகவே இருந்தன, பொன்போன்ற வெல்லம் சாக்குச் சிப்பங்களாக லாரியில் ஏறிப் போயிற்று. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. உள்ளே டம்ளரை எடுத்துவைத்துக்கொண்டிருந்த அம்சவேணிக்கு மட்டும் அன்று சாயங்காலம் கேட்ட பேச்சு சாப்பாட்டில் கல்லாக வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் கணவரிடம் கேட்டாள், வெளியூர்க்காரர்களும் வயிற்றுக்குத்தானே தின்கிறார்கள் என்று. மண்டியில் போய் நின்று பார்த்துவிட்டுப் பேசு என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார்.

நல்லதம்பியின் ஆலையில் பாகு மேஸ்திரியாக இருந்தவர் சடையன். கொப்பரைக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்றவர், கொதிக்கும் பாகின் குமிழைப் பார்த்தே இறக்க வேண்டிய நேரத்தைச் சொல்பவர். மருந்தை அளந்து கொப்பரைக்குள் தூவுவதும் அவர்தான். எல்லோருடைய நகங்களும் மஞ்சளாவதும் திரும்புவதுமாக இருக்க, சடையனுடைய நகங்கள் மட்டும் மஞ்சளான நாளிலிருந்து திரும்பவே இல்லை. வேலையில்லாத நாளிலும் திரும்பவில்லை, மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தபோதும் திரும்பவில்லை. அவருக்குப் பல வருடங்களாக இரைப்பு இருந்தது, அது அடுப்புப் புகையால் வந்தது என்று அவரும் மற்றவர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் ஒரு காலை, பொடியைத் தூவிவிட்டுத் திரும்பியவர் அப்படியே கரும்புச் சக்கைக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டார், மூச்சு உள்ளே போகாமல் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நல்லதம்பிதான் அவரைத் தூக்கி வண்டியில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நான்காம் நாள் அம்சவேணி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனாள். சடையன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் குழாய் இருந்தது, போர்வைமேல் கைகளை விரித்துவைத்திருந்தார். கொஞ்ச நேரம் ஊர் விஷயம் பேசினார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் தன்னிடம் என்ன பொடி, எத்தனை வருடமாக என்று கேட்டதாகவும், தன் விரலைப் பார்த்து ஒன்றும் புரியாமல் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்து காட்டியதாகவும் சடையன் சொன்னார். பிறகு ஆரஞ்சை உரிக்காமல் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"காலேசுல இதத்தான் படிக்கறீங்கன்னு முதலாளி சொல்லுவாருங்க. நகம் மாறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுங்களா, டீச்சரம்மா?"

அம்சவேணி பொய் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், நம்பத்தான் விரும்பினார்.

"தெரியும் மேஸ்திரி. ரெண்டு வருசமாத் தெரியும்."

சடையன் தலையை ஆட்டினார். ஆரஞ்சை அலமாரியில் வைத்தார். பேரனுக்குத் தரலாம் என்றார். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினார்.

அவள் பஸ்ஸில் உட்கார்ந்து அழவில்லை. கல்லூரியில் இறங்கி, ஆய்வகத்தைத் திறந்து, இருக்கிற கிண்ணங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். அன்றிலிருந்து பதினெட்டு நாட்கள் வகுப்பு முடிந்தபின் வில்லை ஊற்றினாள். கிண்ணங்கள் போதாமல் மாத்திரை அட்டைகளின் குழிகளில் ஊற்றினாள், மூடிமேல் ஊசியால் துளை போட்டு மெதுவாகக் காயவைத்தாள், அவசரப்பட்டுக் காயவைத்தால் வெடித்துவிடும் என்பதால் அவசரப்படவில்லை. சட்டைப் பொத்தான் அளவில் இருநூற்றுப் பதினோரு வில்லைகள் விரிசலில்லாமல் வந்தன. ஒவ்வொன்றையும் காற்றுப் புகாத சின்ன உறையில் போட்டு ஒரு துண்டுச்சீட்டும் வைத்தாள்: இதைப் பிரித்து வெல்லத்தின்மேல் வைத்துப் பாருங்கள், ஊதாவாகவே இருந்தால் நல்லது, மஞ்சளானால் மருந்து கலந்தது, இப்படிக்கு அம்சவேணி, நத்தக்கரடு. பெயரைப் போடாமல் விட அவளுக்கு மனமில்லை. பெயர் போடாமல் ஒருமுறை எழுதியாயிற்று.

சனிக்கிழமை மதியம் ஆலையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், கோடவுனில் லாரிக்குக் காத்திருந்த சிப்பங்களின் வாய்த் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓர் உறையை உள்ளே தள்ளி, சாக்கு ஊசியால் மறுபடி தைத்தாள். ஆலையில் உருண்டை பிடிக்கும் பெண்களில் இருவர் சீக்கிரம் திரும்பிவந்து பார்த்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி சணலை எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் லாரி மண்டியிலிருந்து திரும்பி வந்தது. போனபோது இருந்ததில் முக்கால்வாசி சிப்பங்களோடு வந்தது. மண்டியிலிருந்து நல்லதம்பிக்குப் போன் வந்தது, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், சரி என்று மட்டும் நான்கு முறை சொன்னார். நத்தக்கரடு என்ற பெயரைப் பார்த்து மற்ற ஆறு ஆலைகளின் சரக்கையும் மண்டியில் ஓரமாக வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டு அம்சவேணியை வரச் சொன்னார்கள். ஊரை விற்றுவிட்டாள் என்று ஒருவர் சொன்னார், வெளியூர்க்காரன் கெட்டால் உனக்கென்ன என்று ஒருவர் கேட்டார், இந்த நகத்தைப் பழையபடி ஆக்குவதற்காவது ஏதாவது கண்டுபிடியுங்கள் டீச்சரம்மா என்று ஓர் ஆலைக்காரர் கெஞ்சினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கு வில்லை செய்ய மட்டும்தான் தெரியும், இன்னும் செய்வேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நல்லதம்பி மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து அவளுக்காகவும் பேசவில்லை, அவளுக்கு எதிராகவும் பேசவில்லை.

அதற்குப்பிறகு அவர் வீட்டுக்குக் குளிக்கவும் துணி மாற்றவும் மட்டும் வந்தார். ஆலையில் சமைத்துச் சாப்பிட்டார். அவள் டப்பாவில் கட்டி வைத்ததை எடுத்துக்கொண்டும் போகவில்லை, திட்டவும் இல்லை. அவளுக்குத் திட்டு வாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

இப்படிப் பதினோரு நாள் போன நிலையில், ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் ஜெபமாலை என்ற பெண் வந்து இறங்கினாள். தெற்கே ஒரு சின்ன டவுனில் கடலைமிட்டாய்ப் பட்டறை வைத்திருப்பவள், நாற்பது வயதிருக்கும், கையில் ஒரு சின்ன உறை இருந்தது. பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்களிடம் உறையைக் காட்டி, இதிலே பேர் போட்டிருக்கிற அம்மா வீடு எது என்று கேட்டாள். எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள், தபால்காரர் மட்டும் தெருவைக் காட்டினார். அம்சவேணி கல்லூரிக்குப் போயிருந்தாள். குளித்துவிட்டுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த நல்லதம்பிதான் கதவைத் திறந்தார்.

ஜெபமாலை அவரை யாரென்று கேட்கவில்லை. வீட்டுக்காரராக இருக்கும் என்று நினைத்து நேரே விஷயத்துக்கு வந்தாள். உறையிலிருந்து மஞ்சள் வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"எம் மகளுக்குப் பத்து வயசுய்யா. மூணு வயசுல பட்டறையில மிட்டாயத் தின்னுட்டு மூச்சுத் திணறிக் கெடந்தா. கடலைத் தூசின்னு நெனச்சேன். அன்னையிலேருந்து பட்டறைப் பக்கம் அவள விட்டதே இல்ல. ஏழு வருசமா நான் வேல செய்யுற எடத்த அவ வெளிய நின்னுதான் பாத்துக்கிருக்கா. இந்தச் சீட்டப் படிச்சிட்டு டாக்டரய்யாகிட்டக் கொண்டு போனேன். அவுக பரிசோதிச்சுப் பாத்தாக, கடலை ஒண்ணுஞ் செய்யல."

அவள் குரலில் சண்டை இல்லை. தொடர்ந்து, இந்த மாதிரி இன்னும் ஐம்பது வில்லை கிடைக்குமா என்று கேட்டாள். எந்த ஊர் வெல்லத்தையும் இனி பார்த்துத்தான் வாங்குவேன் என்றாள். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அந்த வெல்லத்தக் காச்சுறவுக யாருய்யா? ஒருதரம் முகத்தப் பாத்துட்டுப் போயிருதேன்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள நல்லதம்பிக்கும் தெரியும். ஊரில் வேறு ஆறு ஆலைகள் இருந்தன, எதையாவது கைகாட்டியிருக்கலாம். அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் அவளுக்கு முன்னால் நீட்டினார். பத்து நகங்களும் அவளுடைய உள்ளங்கையில் இருந்த வில்லையின் நிறத்திலேயே இருந்தன.

"நாந்தாம்மா."

ஜெபமாலை அந்த விரல்களை ரொம்ப நேரம் பார்த்தாள். நத்தக்கரட்டு நகங்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அவர் உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தார், கொடுப்பதற்குமுன், இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு இங்கே தூங்கினால் உங்கள் நகமும் மாறிவிடும், சாயங்காலத்துக்குள் கிளம்பிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று விதியைச் சொன்னார். மாறினால் பிறகு எது தொட்டாலும் தெரியுமா என்று கேட்டாள். தின்றாலும் தெரியும், தொட்டாலும் தெரியும் என்றார். அப்படியானால் இருந்துவிட்டே போகிறேன் என்று சொல்லி, சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்து, மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தங்கைக்குப் போன் செய்தாள்.

அம்சவேணி வீடு திரும்பியபோது அடுக்களையில் அந்நியப் பெண் ஒருத்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், பதினோரு நாளாக வீட்டில் சாப்பிடாத கணவர் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தார். மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜெபமாலை தன் மகள் எப்படிப் பாடுவாள், கணக்கில் எப்படித் தப்பு விடுவாள் என்பதையெல்லாம் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, துடைத்துப் பார்த்து, திருப்திப்பட்டு, ஐம்பது வில்லைகளோடு முதல் பஸ்ஸில் ஏறினாள். ஏறுவதற்குமுன் நல்லதம்பியிடம், கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, வாரம் மூன்று சிப்பம் எனக்கு வேண்டும் என்றாள், நிறத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையை ஆட்டினாள்.

பஸ் போனபின் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். நல்லதம்பி பாதிவழியில் நின்றார்.

"ரெண்டு வருசம் முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, வேணி."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"மாட்டேன்."

"எனக்கும் அது தெரியும். அதனாலதான் சொல்லல. ஆனா சொல்லியிருக்கணும்."

இருவரும் மறுபடி நடந்தார்கள். நல்லதம்பி ஒரே நாளில் எல்லாக் கொப்பரையையும் மாற்றிவிடவில்லை, மாற்றினால் ஆலையில் வேலை பார்க்கும் பன்னிரண்டு குடும்பங்களும் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியவில்லை. பாதியை மருந்தில்லாமல் காய்ச்சினார். மீதிப் பாதிக்கு மருந்து போட்டார், ஆனால் அந்தச் சிப்பங்களைத் தைக்கும்போது வில்லை உறைகளை அவரே உள்ளே வைத்தார், சிலது திரும்பி வந்தது, சிலது வரவில்லை, திரும்பாதவை மாதாமாதம் குறைந்துகொண்டே போயின. மற்ற ஆறு ஆலைக்காரர்களில் இருவர் அவரைப்போலச் செய்தார்கள். நான்கு பேர் செய்யவில்லை, தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெற்கே ஜெபமாலையின் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கும், நத்தக்கரட்டுத் தண்ணீரைக் குடிக்காமலே, ஒவ்வொருவராக நகம் மாறியதென்று தகவல் வந்தது. அங்கேயும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம்.

ஜெபமாலைக்கான முதல் மூன்று சிப்பங்களைக் காய்ச்சிய நாளில்தான் சடையன் வேலைக்குத் திரும்பினார். வரவேண்டாம், வீட்டிலேயே இருங்கள், வாரக்கூலியை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று நல்லதம்பி சொல்லியிருந்தார், அதைக் கேட்காமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இன்று எந்தக் கொப்பரையிலும் மருந்து இல்லையே என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்; ஊருக்கான கொப்பரை கொதித்த நாட்களிலும் பக்கத்துக் கொப்பரையின் மருந்து நெடி ஆலையில் இருந்துகொண்டேதான் இருந்தது. அன்று சனிக்கிழமை, அம்சவேணியும் வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் நின்றார், பிறகு, பேரன் அந்த ஆரஞ்சுப் பழத்தைத் தின்றான் என்று சொன்னார்.

சாறு பொங்கியது, அழுக்கை வாரிக் கொட்டினார்கள், சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்தார்கள், கரும்புச் சக்கை எரிந்தது. சடையன் துடுப்பைப் பிடித்தபடி கொப்பரையின்மேல் குனிந்திருந்தார். பாகு செம்பழுப்பாகித் திரண்டுகொண்டு வந்தது. இறக்க வேண்டிய நேரம் நெருங்கியதும் எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள், அவர் எதுவும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். மறுபடி இரைப்பு வந்துவிட்டதோ என்று நல்லதம்பி பதறி அருகில் போய்த் தோளைத் தொட்டார்.

"என்ன மேஸ்திரி, முடியலையா?"

"வாசம் வருதுங்க முதலாளி," என்றார் சடையன். "முப்பது வருசமா இதுங்கிட்டயே நிக்கறேன். இதுக்கு இப்படி ஒரு வாசம் இருக்கறது எனக்குத் தெரியாதுங்க."

நல்லதம்பியும் குனிந்து மூச்சை இழுத்தார். அடுப்பில் சக்கை தள்ளிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார், உருண்டை பிடிக்கும் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள், அம்சவேணி கொப்பரையின் மறுபக்கத்தில் வந்து நின்றாள், எல்லோரும் வட்டமாக நின்று ஆவிக்குள் முகத்தை நீட்டி மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்படி நின்றதில் பதம் தப்பிவிட்டது. இறக்கி ஊற்றியபோது பாகு முறுகியிருந்தது, ஆறியபோது உருண்டைகள் கருங்கல்லாக இருந்தன. ஜெபமாலை அவற்றைச் சுத்தியலால்தான் உடைக்க வேண்டியிருந்ததாகப் போனில் சொன்னாள். ஒரு சிப்பத்தைக்கூட அவள் திருப்பி அனுப்பவில்லை.